பெருவிரல் பிடி

தச்சு வேலைக்கு என்னென்ன சாமான் வேண்டும் என்று கேட்டால் கையில் பிடிக்கிறவற்றைத்தான் எல்லோரும் சொல்வார்கள். உளிகள், வாள், சுத்தியல், உளியை அடிக்கிற கொட்டாப்புளி, பம்பாயில் ரந்தா என்று சொல்லும் இழைப்புளி, மூலை பார்க்கிற மட்டம், தீட்டுகிற கல். அத்தனையும் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடும். இரண்டு கையும் வேலை செய்யும்போது மரத்தை யார் பிடித்துக்கொள்வது என்று யாரும் கேட்பதில்லை. பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மேஜை உண்டு, மேஜையில் மரத்தை இறுக்கிப் பிடிக்கிற ஷிகஞ்சா உண்டு. தாராவியிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அலமாரி செய்கிற எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. அடுத்தவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து காலால் பிடிக்கிறோம்.

என் அக்காவின் வீட்டுக்காரர், என் அத்தான், அப்படிப் பிடிப்பதில் பெரிய ஆள். இடது காலை மடக்கி, வலது காலை நீட்டி, மெல்லிய தேக்குச் சட்டத்தைப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வாங்கிக்கொள்வார். உளி முன்னால் வர வர விரல் பின்னால் போகும். காலைப் பார்த்து அவர் வேலை செய்ததில்லை. வேலை கொடுத்த வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார், என்னைக் கிண்டல் செய்துகொண்டிருப்பார், விரல் அதன் பாட்டுக்கு நகரும். வருஷக்கணக்காக மரத்தை அழுத்தி அழுத்தி அந்தப் பெருவிரலின் உள்பக்கம் தட்டையாகிக் காய்ப்புக் காய்ச்சிக் கிடந்தது.

பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டவன் நான். அவரோடுதான் வேலைக்குப் போகிறேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். ஜன்னல் விளிம்பில் உளியை வைத்தால் கீழே யார் தலையிலாவது விழுமோ என்று பயம். பஸ் ஏறியபின், வீட்டைப் பூட்டினோமா என்று பயம். நாங்கள் அடித்த அலமாரி நாங்கள் போன பிறகு குழந்தை மேல் சாய்ந்துவிடுமோ என்று பாதி வழியில் திரும்பிப் போய் ஆணியை அசைத்துப் பார்த்திருக்கிறேன். அத்தான் அக்காவிடம் சொல்வார், "ஒந் தம்பிக்குச் சோறு போடாதட்டி. அவனுக்கு பயத்துலயே வயிறு ரொம்பிரும்."

அவ்வளவு பயந்தும் அவர் காலைப் பற்றி எனக்குப் பயம் வந்ததில்லை. அந்தக் கால் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஞாபகம் வந்தால் மாத்திரை போடுவார். சாயாவில் சர்க்கரை குறைந்தால் திருப்பிக் கொடுப்பார். சாலையில் நடந்து போகும்போது அவர் செருப்பு ஒன்று கழன்று பின்னால் கிடக்கும். அவர் தெரியாமல் போய்க்கொண்டே இருப்பார். நான் எடுத்துக்கொண்டு ஓடுவேன். "செருப்பக்கூட காலுல வெச்சிக்கிடத் தெரியல, நீங்கல்லாம் ஒரு ஆசாரி" என்பேன். அவரும் சிரிப்பார். பாதம் மதமதவென்று இருக்கிறது என்று எப்போதாவது சொல்வார். நாளெல்லாம் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கால் மதமதக்காமல் என்ன செய்யும் என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் காலும் சாயங்காலத்தில் அப்படித்தான் இருக்கும்.

திலக் நகரில், ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா வீட்டில் சாமி அலமாரி செய்துகொண்டிருந்தோம். தமிழ்க் குடும்பம், அந்த அம்மா தனியாக இருந்தார். பிளைவுட்டை மெஷின் வைத்து அறுத்தாகிவிட்டது. அதன் விளிம்புகளில் ஒட்டுகிற தேக்குச் சட்டங்களைக் கையால்தான் செதுக்க வேண்டும். அத்தான் கூடத்தில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டிருந்தார். நான் ஸ்டூல் மேல் நின்று கதவுக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் காபி கொண்டுவந்த அந்த அம்மா பாதி வழியில் நின்றுவிட்டார்.

"ஏம்ப்பா, யாருக்கு அடிபட்டிருக்கு? தரையெல்லாம் ரத்தமா இருக்கே!"

அத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏலே, எங்கலே வெட்டிக்கிட்ட? எறங்கு மொதல்ல. கையக் காட்டு."

நான் ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஒன்றும் இல்லை. அவர் என் முழங்கையைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார். முகத்தில் நிஜமான பதற்றம். அந்த அம்மாதான் டம்ளர் பிடித்த கையை நீட்டி அவர் காலைக் காட்டினார்.

பெருவிரலின் உள்பக்கம் ஒரு பாக்குச் சீவல் அகலத்துக்குத் திறந்து கிடந்தது. ரத்தம் சட்டத்துக்கு அடியில் ஓடி மரச் சீவல்களில் ஊறி, தரையின் சரிவில் வாசல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. விரல் அப்போதும் சட்டத்தை விடவில்லை.

"அட, நம்ம ரத்தமா!" என்று அத்தான் சிரித்தார்.

"என்னப்பா சிரிக்கறே? வலிக்கலையா உனக்கு?"

"உளி நல்ல கூரும்மா. கூரா இருந்தா வலிக்காது."

இதை நாங்கள் எல்லோரும் சொல்வோம். கொஞ்சம் உண்மையும்தான். மழுங்கின உளிதான் கிழித்து வலியைக் கொடுக்கும். ஆனால் கூரான உளி பட்டாலும் பட்டது தெரியும். சுரீர் என்று ஒன்று ஓடும், கை தானாக விலகும். அது அவருக்கு ஓடவில்லை.

அந்த அம்மா மருந்துப் பெட்டி எடுக்க உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் அத்தான் தன் வைத்தியத்தை முடித்துவிட்டார். தச்சர்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம் அது. மரத்தில் வெடிப்பு இருந்தால், அதே மரத்தின் தூளை வெள்ளைப் பசையில் குழைத்து அடைப்போம். லப்பம் என்று அதற்குப் பெயர். காய்ந்ததும் மரத்தோடு மரமாகிவிடும். கையில் வெட்டுப்பட்டாலும் அதைத்தான் வைப்போம். ரத்தம் உடனே நிற்கும், வேலை நிற்காது. என் இடது உள்ளங்கையில் இப்போதும் ஒரு பழைய வெட்டுக்குள் தேக்குத் தூள் கறுப்பாகத் தெரியும். எத்தனையோ தடவை ஆறியிருக்கிறது. அத்தான் பொடித் தூளாகப் பார்த்து அள்ளி, பசை விட்டு உருட்டி, பிளந்திருந்த இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி அடைத்தார். மேலே பெயின்டர்கள் ஒட்டுகிற காகித டேப்பைச் சுற்றினார்.

"ஐயய்யோ, அதைப் போயி வைக்கறியே! டாக்டர் கிட்ட போப்பா" என்றார் அந்த அம்மா.

"இது காஞ்சா கல்லும்மா. உங்க அலமாரில வெச்சிருக்கதும் இதான்."

பஸ்ஸில் வரும்போது எனக்கு மனசு கேட்கவில்லை. "நெசமாவே வலிக்கலையா அத்தான்?" என்று கேட்டேன்.

"வலிச்சா சந்தோசப்படுவியோ?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கக் கூடியவனா நீ. இன்னிக்குப் பூரா நீ இதையே அரச்சிக்கிட்டு இருப்ப. வெரலு என் வெரலு. சொகமா இருக்கு. போதுமா?"

சில நாள் கழித்து, வேலை முடிகிற தறுவாயில், அந்த அம்மா மூக்கைச் சுளித்தபடி சொன்னார், கூடத்தில் எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று. எங்களுக்கும் வாடை அடித்தது. பழைய பீரோவை நகர்த்தினோம். நான் செல்போன் வெளிச்சத்தில் அதன் பின்னால் படுத்துப் பார்த்தேன். சோபாவுக்கு அடியில் பார்த்தேன். அத்தானும் எங்களோடு சேர்ந்து மோப்பம் பிடித்துக்கொண்டு நடந்தார். "பெரிய எலியாத்தான் இருக்கும்" என்றார். "பெருச்சாளியாக்கூட இருக்கும்."

பீரோவுக்குப் பின்னால் வாடை இல்லை. அவர் நின்ற இடத்தில் இருந்தது. காற்று வாங்கப் பால்கனிக்குப் போனேன், அவரும் பின்னாலேயே வந்தார், அங்கேயும் இருந்தது. அந்த அம்மா காதில் விழாமல் மெதுவாகச் சொன்னேன், "அத்தான், அந்த லப்பத்த எடுத்துப் பாப்பமா?"

"எதுக்கு? நல்லாப் புடிச்சிருக்கு. எடுத்தா தோலோட வரும்."

"வாட வருது அத்தான்."

அவர் குனிந்து காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பசை புளிச்சிருக்கும்லே" என்றார். முதல் தடவையாக அவர் குரலில் கிண்டல் இல்லை.

அன்றைக்கு நானே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர்கள் வீடு தாராவியில் ஒரு சந்துக்குள், மேல் அறை. வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி; கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். நாங்கள் ஏறிப் போனபோது அக்கா சட்டியில் வெந்நீர் தயாராக வைத்திருந்தாள். அவர் காலை எடுத்துத் தானே உள்ளே வைத்தாள். தண்ணீர் அதிகச் சூடா என்று அவரிடம் கேட்கக் கூடாது என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கையை விட்டுத் தானே பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் ஊறியதும் டேப் உரிந்து வந்தது. அதற்குப் பின்னால் லப்பம் ஒரே துண்டாக, பாட்டிலிலிருந்து தக்கை வருவது மாதிரி வந்தது. அது இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு நான் ஏணிப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அக்கா மூக்கைக்கூடப் பொத்தவில்லை.

"என்னது இது?" என்றாள்.

"லப்பம்ட்டி. ரத்தம் நிக்கதுக்கு."

"நீங்க என்ன கதவா, சன்னலா, லப்பம் வெக்கதுக்கு?"

அக்கா அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

தெருமுனை டாக்டர் பார்த்த உடனேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார். அங்கே எங்களைப் பார்த்தவர் வயதில் சின்னவர், நிதானமான ஆள். அத்தானைப் படுக்க வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, குத்துவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். கையில் குண்டூசி. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெருவிரலில் வைத்தார். மற்ற விரல்களில் வைத்தார். உள்ளங்காலில், குதிகாலில், கணுக்காலுக்கு மேலே வைத்தார். பிறகு இடது காலுக்குப் போய் அதே மாதிரி மேலே வந்தார். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாகக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்து என் பக்கம் முகத்தைத் திருப்பி, "இன்னும் ஆரம்பிக்கலையாலே?" என்று கேட்டார்.

டாக்டர் ஊசியைத் தட்டில் போட்டார்.

பெருவிரலை எடுத்துவிட வேண்டும் என்றார். உடனே எடுத்தால் அதோடு நிறுத்திவிடலாம், தள்ளிப்போட்டால் மேலே ஏறும் என்றார். விரல் போனாலும் நடக்கலாம், சரியான செருப்புப் போட்டால் பார்க்கிறவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது என்றார். இதையெல்லாம் அவர் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக, அவசரப்படாமல், அக்காவுக்கும் புரிகிற மாதிரி எளிய ஹிந்தியில் சொன்னார். அவர் மேல் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

அத்தான் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு எழுந்து உட்கார்ந்து, காலைக் கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பேரம் பேச ஆரம்பித்தார். கடைசி விரலை எடுத்துக்கொள்ளுங்கள் டாக்டர் சாப் என்றார். அதற்கு அடுத்ததையும் எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தை எடுங்கள், சதையைச் சுரண்டுங்கள், பெரியது மட்டும் இருக்கட்டும். கெட்டது அந்த விரல்தானே, மற்றவற்றை ஏன் எடுக்க வேண்டும் என்று டாக்டர் கேட்டார். "மத்ததால எனக்கு வேலை இல்லை சாப்" என்றார் அத்தான்.

வெளியே வராந்தாவில் வைத்து நான் கெஞ்சினேன். "அத்தான், நடக்கலாம்னு சொல்லுதாருல்லா?"

"நடந்து? நடந்து போயி? அடுத்தவன் வீட்டுல போயி என்னத்தலே புடிக்க? பல்லால புடிக்கவா?"

"உசுரு முக்கியம்லா?"

"வெரலு புண்ணாயி யாருலே செத்தான்? வெரல எடுத்தபொறவு சும்மா ஒக்காந்துதான் செத்துப்போவான். நீ வாய மூடு. பயந்தவன் பேச்சக் கேட்டா எவனும் வீட்ட விட்டு எறங்க முடியாது."

அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். சொன்னால் கேட்கிறவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் காலின் பிடியில் வந்ததுதான் அவள் வீட்டில் உலையில் கொதித்தது என்பதும் தெரியும். மாத்திரையும் கட்டுப்போடுகிற சாமான்களும் வாங்கிக்கொண்டு, சீக்கிரம் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அவர் திரும்பப் போகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எந்த டாக்டரிடம் சொன்னாலும் சிரிப்பாரா, அழுவாரா தெரியாது. மாத்திரையில் சீழ் வற்றியது. விரல் கறுத்துச் சுருங்கிக் காய்ந்தது. அத்தானுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தெம்பு வந்தது. நான் போனபோதெல்லாம் கட்டைப் பிரித்து நகத்தால் தட்டிக் காட்டினார். டொக் டொக்கென்று கேட்டது.

"பாத்தியா? ஈரம் போயிட்டு. ஈரம் இருந்தாத்தான் அழுகும். காஞ்சாச்சின்னா ஒண்ணுஞ் செய்யாது."

வாழ்நாளெல்லாம் மரத்தை அப்படித்தான் பார்த்திருக்கிறோம். பச்சை மரம் வளையும், பூஞ்சை பிடிக்கும், வெடிக்கும். காய்ந்த மரத்தை நம்பலாம். எனக்கே ஒரு கணம் அது சரி என்று தோன்றியது. கறுப்பாக, கெட்டியாக, வாடையில்லாமல் இருந்ததைப் பார்த்து, பிழைத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அக்கா மட்டும் அந்த விரலின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கறுப்பும் தோலும் சேர்கிற இடத்தில் ஒரு சிவப்பு வளையம் இருந்தது. "இந்த வளையம் நேத்து கீழ இருந்திச்சி தம்பி" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். "இன்னிக்கு ஏறியிருக்கு."

பயந்தவனுக்கு உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாது. மிச்சமிருந்த கட்டைகளை வைத்து ஒரு பலகை செய்ய ஆரம்பித்தேன். தரையில் வைக்கிற தாழ்வான பலகை. ஒரு முனையில் தடுப்பு, பக்கவாட்டில் மரத்தை நெருக்குகிற ஆப்பு, இன்னொரு பக்கம் பழைய இரும்புச் சாமான் விற்கிற சந்தில் வாங்கிய சின்ன ஷிகஞ்சா. கால் இல்லாமலே சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். என் மனக்கணக்கு இதுதான்: விரலுக்குப் பதில் ஒன்று இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் விரலைக் கொடுக்க ஒப்புக்கொள்வார். அதை ஏணியில் தூக்கி ஏற்றுவதற்குள் தோள்பட்டை கழன்றது.

அத்தான் முதலில் பலகையைப் புரட்டிப் பார்த்தார். ஆப்பை உருவி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"கோணலா இருக்குலே."

"புடிக்குதான்னு பாருங்க."

ஒரு சட்டத்தை மாட்டினார். ஆப்பைத் தட்டினார். உளியை வைத்துத் தள்ளினார். சீவல் சுருண்டு சுருண்டு வந்தது. சட்டம் அசையவில்லை. அக்கா தோசைக் கரண்டியோடு அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் தோசை கருகுகிற வாசம் வந்தது.

"புடிக்குது" என்றார். இன்னும் இரண்டு தள்ளுத் தள்ளினார். "ஆனா ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குது. வெரல்ல புடிச்சா மரம் எங்க எதுக்குது, எங்க விட்டுக்குடுக்குதுன்னு தெரியும். இது சும்மா புடிச்சிக்கிட்டு கெடக்கு."

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "உங்க வெரலும் இப்ப ஒண்ணுஞ் சொல்லலியே அத்தான்" என்றேன்.

அவர் உளியைக் கீழே வைத்தார். கட்டுப் போட்டிருந்த காலை வெகுநேரம் பார்த்தார். அதை அதட்டப் போகிறார் போலிருந்தது.

"காலைல போவோம்" என்றார். பிறகு அக்காவிடம், "தோசை கருகுது, அதப் பாரு. என் மூஞ்சில என்ன இருக்கு?"

காலையில் நான் போனபோது அவருக்குக் குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. காய்ந்திருந்த இடம் கசிய ஆரம்பித்திருந்தது. கணுக்காலைத் தாண்டி, கெண்டைக்கால் பக்கமாகச் சிவப்பாக ஒரு கோடு மேலே போயிருந்தது. அந்த ஏணியில் அவரால் இறங்க முடியவில்லை. அவரை என் முதுகோடு புடவையால் கட்டினாள் அக்கா. கீழே பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்று என் பாதத்தை ஒவ்வொரு படியிலும் பிடித்து வைத்தார்கள். என் கழுத்தில் அவர் மூச்சு சுட்டது. "போட்றாதலே" என்றார். "மெதுவா. கயித்தப் புடி. கயித்தப் புடிலே." அவர் பயந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

டாக்டர் அதே ஆள்தான். கட்டைப் பிரித்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் அழுத்திப் பார்த்தார். அத்தான் அவரை முந்திக்கொண்டு, "விரலை எடுத்துக்கோங்க சாப், நான் ஒத்துக்கிட்டேன்" என்றார். ஏதோ பெரிய மனது பண்ணிக் கொடுப்பவர் மாதிரி, கையைக்கூட விரித்தார்.

அன்றைக்கே கேட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பிப்பார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. இப்போது விரல் போதாது என்று மட்டும் சொன்னார். இங்கே வரைக்கும் என்று முழங்காலுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். இல்லாவிட்டால் ஆளே இல்லை என்றார்.

அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அத்தான் இந்த முறை பேரம் பேசவில்லை. காய்ச்சலில் கண்கள் சிவந்து கிடந்தன. எல்லாம் முடிவானபின் டாக்டர் ஒரு பேனாவால் காலைச் சுற்றிக் கோடு போட்டார். அத்தான் தலையை உயர்த்தி அதைப் பார்த்தார். என்னைக் கிட்டே வரச்சொல்லிக் கையைக் காட்டினார். நான் குனிந்தேன்.

"மட்டம் வெச்சிக் கோடு போடச் சொல்லுலே. கோணலாப் போடுதான்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயில் துணியோடு சிரித்தாள். அவள் சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியாது, நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திலக் நகர் அலமாரியை நான் தனியாக முடித்தேன். அந்த அம்மா கதவை மூடித் திறந்து பார்த்துவிட்டு, "அவருக்கு எப்படி இருக்கு? விரலை எடுத்தாச்சா?" என்று கேட்டார். கால் என்றேன். அவர் தேவையில்லாமல் போய் மின்விசிறியைப் போட்டார், பிறகு அணைத்தார். சாமி படங்களை அவர் அடுக்குகிற வரையில் நான் அங்கே இருக்கவில்லை.

அத்தான் வீட்டுக்கு வந்தபின் பல நாள் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். பிறகு ஒரு நாள் அவரே கேட்டார், சட்டம் செதுக்குகிற வேலை இருந்தால் மேலே கொண்டுவா என்று. மற்றதெல்லாம் கீழே, அடுத்தவர் வீட்டில் நீ செய்துகொள். சட்டத்தை நான் இங்கேயே செதுக்கித் தருகிறேன் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டுக் கட்டாகத் தேக்குச் சட்டம் ஏற்றிக் கொடுத்தேன். அந்தப் பலகையின் ஆப்பைச் சரிசெய்து, அவர் கைக்கு எட்டுகிற மாதிரி போட்டுக் கொடுத்தேன். சில நாள் அதில்தான் செய்தார். மனதுக்குள் நான் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

போன வாரம் முடிந்த சட்டங்களை எடுக்கப் போனேன். ஏணியில் ஏறும்போதே உளி ஓடுகிற சத்தம் கேட்டது. வாசல் படியில் தலை வந்ததும் உள்ளே தெரிந்தது. பலகையைச் சுவரில் சாய்த்து, அதன் மேல் துணி காயப்போட்டிருந்தார்கள். அத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். வெட்டுப்பட்ட காலை ஒரு தலையணை மேல் நீட்டியிருந்தார். இடது காலை முன்னால் வைத்து, அதன் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் சட்டத்தைப் பிடித்திருந்தார். டாக்டர் குண்டூசியால் குத்திக் குத்திப் பார்த்து, ஒன்றும் தெரியாத அதே இடது கால்.

அக்கா அந்தக் காலுக்குப் பக்கத்தில், மூக்கு முட்டுகிற தூரத்தில், குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் உரிக்காத வெங்காயம் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. உளியின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலு" என்றாள்.

அவர் விரலைப் பின்னால் இழுத்தார். உளி நகர்ந்தது. சீவல் சுருண்டு அவள் கைமேல் விழுந்தது.

"காலு."

மறுபடி இழுத்தார்.

நான் வந்ததை இரண்டு பேரும் பார்க்கவில்லை. அக்கா என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல், அந்தச் சட்டம் முடிகிற வரைக்கும் ஏணியிலேயே நின்றேன்.